பின்னறையில் ஒன்று தசம் இரண்டு

நாற்பத்து மூன்று வீதத்தில் நின்றுவிட்டது.
கொழும்புக்குப் போகவேண்டிய வரிக் கணக்கு
கொண்டாவிலில், என் மேசையில்,
நீலக் கோடாய்ப் பாதி நீண்டு கிடந்தது.

"அணைச்சுப் போட்டுப் பாரும்" என்றார் ரூபன்,
விறாந்தையில், ரீவியிலிருந்து கண் எடுக்காமல்.
அணைத்தேன். முப்பது எண்ணிப் போட்டேன்.
பூச்சியத்திலிருந்து ஏறி வந்து
அதே நாற்பத்து மூன்றில் குந்தியது.

கம்பனிக்கு எடுத்தேன்.
தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னார்கள்.
அழுத்தினால் பாட்டு.
பாட்டு மட்டும் சிக்காமல் சிதறாமல் வந்தது.
கடைசியில் ஒரு பையன்:
"லைன் நல்லா இருக்கு மிஸ்,
பிரச்சினை உங்கட வீட்டுக்குள்ளதான்."

லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டதுபோல.
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் வீட்டைக் கீறி
நின்று நின்று அளந்து எழுதினேன்.
விறாந்தை முப்பத்தெட்டு.
சாமியறை வாசல் பத்தொன்பது.
சாப்பாட்டு மேசை ஏழு, மீன்தொட்டிக்கு அப்பால் ஐந்து.
பின்னறை, என் அறை, ஒன்று தசம் இரண்டு.
கிணற்றடியில் நாலு.
அது ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

சுற்றியுள்ள சிக்னல்களைத் தேடினேன்.
அயலட்டை முழுக்கத் திரையில் வந்து நின்றது:
'மயில்வாகனம் இல்லம்', 'லக்ஷி கேக்ஸ்',
'கேக்காதேங்கோ', 'கேட்டாலும் தரமாட்டன்'.
அரை முழ வேலிக்காகப்
பன்னிரண்டு வருடம் வழக்காடிய இரண்டு வீடும்
ஆறாம் சனலில்
ஒருவர் மடியில் ஒருவர் இருக்கிறார்கள்.
நாங்களும் அதற்குள்தான்.
பதினொன்றுக்கு மாறினேன்.
ஒன்று தசம் இரண்டு
ஒன்று தசம் ஒன்பது ஆனது.

எங்கள் ரவுட்டருக்கு இரண்டு பெயர்.
வாலில் ஐந்து உள்ளவன் வேகக்காரன், விருந்தாளி:
விறாந்தையோடு கதைத்துவிட்டுப் போய்விடுவான்.
மற்றவன் சொந்தக்காரன்:
குசினிவரை வருவான்,
வழியில் எல்லோரையும் சுகம் விசாரித்துவிட்டு.
நடுவில் ஒன்றரை அடிச் சுண்ணக்கல் சுவர்.
ஷெல்லுக்கே அசையாத சுவர் என்பார் ரூபன்.
அதில் சாய்த்து என் இரும்பு அலுமாரி.

ரவுட்டர் பூட்ட வந்தவன்
தோளில் ஏணியோடு அன்று கேட்டது நினைவுக்கு வந்தது:
"ஐயா எங்க இருந்து பாவிப்பார்?"
ஐயா விறாந்தையைக் காட்டினார்.
நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.
அந்த இணைப்புக்குக் காசு
பின்னறையிலிருந்து வருகிறது என்று
அவனுக்கு எப்படித் தெரியும்.
நானும் வாய் திறக்கவில்லை,
சீனி அளவு கேட்டதைத் தவிர.

"மேசையில ஒரு பக்கம் பிடியுங்கோ."
"இந்த ஓவர் முடியட்டும்."
முடியவிட்டேன்.

மேசை விறாந்தைக்கு வந்தது.
ரீவியும் அவருடைய சாய்மனைக் கதிரையும்
அலுமாரிக்குப் பக்கத்தில் போயின.
வழியில் மேசைக்கால் சீமெந்தைக் கீறிய கோடு
இன்னும் கிடக்கிறது, நான் துடைக்கவில்லை.

நாலு நிமிடம்.
நூறு வீதம்.

படலையைத் திறந்துகொண்டு வந்த லக்ஷி,
கையில் ஓடர் கேக், வாயில் சிரிப்பு:
"என்னக்கா, முன்னுக்கு வந்திட்டியள்!"
கதிரையை இன்னும் கொஞ்சம்
வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டேன்.

பின்னறையிலிருந்து குரல்:
"இஞ்ச பாரும், சுத்துது.
பந்து அவன்ர கையை விட்டு வருகுதே இல்லை."

"அணைச்சுப் போட்டுப் பாருங்கோ" என்றேன்,
திரையிலிருந்து கண் எடுக்காமல்.